அட்மிட் வந்த பிறகு: அமெரிக்க பிஎச்.டி. சேர்க்கை முடிவுகளை எதிர்கொள்ளவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரையிலான நாட்களில் விண்ணப்ப வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிவரை நீளும் காத்திருப்பைப் பற்றியும், அதன் முடிவில் எடுக்க வேண்டிய தீர்மானத்தைப் பற்றியும் நம் ஊரில் எவரும் அதிகமாகச் சொல்லித் தருவதில்லை. விண்ணப்பக் கட்டுரையை எப்படி எழுதுவது, பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பதற்கெல்லாம் ஆலோசனை கிடைக்கிறது. கையில் இரண்டு அட்மிட், அதாவது சேர்க்கை அனுமதி, இருக்கும்போது எதை விடுவது என்று கேட்டால், 'ரேங்க் எதற்கு அதிகமோ அதில் சேர்' என்ற ஒரே பதில்தான் வருகிறது. அந்தப் பதில் பலரைத் தவறான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் நீங்கள் ஒரு நெறியாளரின் கீழ், ஒரு துறையின் விதிகளுக்குள், ஓர் ஊரின் வாடகையைக் கட்டிக்கொண்டு வாழப்போகிறீர்கள். இந்த மூன்றையும் விசாரித்து அறிந்துகொள்வதற்கான வழிகளையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முடிவுகள் வரத் தொடங்கும்போது

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, மேற்குக் கரையின் 9 மணி நமக்கு இரவு 10.30. ஆகவே முடிவுகள் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டை ஒட்டியோ தூங்கப் போகும் நேரத்திலோ வந்து சேரும். எனக்கு முதல் மறுப்பு, தாம்பரம் செல்லும் மின்ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. 'உங்கள் விண்ணப்ப நிலையில் மாற்றம் உள்ளது' என்று ஒரே ஒரு வரி. உள்ளே சென்று பார்க்கக் கடவுச்சொல் கேட்டது. கை நடுங்கி மூன்று முறை தவறாக அடித்தேன். குரோம்பேட்டை வந்தபோதுதான் கடிதம் திறந்தது. இரண்டாவது வரியில் 'வருந்துகிறோம்' என்ற சொல்லைக் கண்டதும் மீதியைப் படிக்கவில்லை. வீட்டில் அம்மா, 'என்னப்பா, முகமே சரியில்லையே' என்று கேட்டதற்குப் பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன். விண்ணப்பக் கட்டுரையில் விட்டுவிட்ட ஓர் எழுத்துப் பிழையே காரணம் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைப் பின்னாளில் பேராசிரியர்களிடமே கேட்டு அறிந்தபோது, அந்த எழுத்துப் பிழைக்கும் முடிவுக்கும் தொடர்பே இருந்திருக்காது என்று புரிந்தது. ஒரு துறை எத்தனை பேருக்கு இடம் தரலாம் என்பதை, உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அதன் பணக் கணக்கு தீர்மானித்துவிடுகிறது. சென்ற ஆண்டு எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் சேர்ந்திருந்தால் இந்த ஆண்டு இடங்கள் குறையும். நீங்கள் கட்டுரையில் பெயர் குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வு மானியம் முடிந்திருக்கலாம். அவர் ஓய்வுபெறும் எண்ணத்தில் இருக்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே சில கூடுதல் தடைகளும் உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் புகழ்பெற்ற மாணவர் ஆய்வு நல்கை, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது; தேசிய சுகாதார நிறுவனங்கள் துறைகளுக்குத் தரும் பயிற்சி மானியங்களும் அப்படியே. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கெனக் கூடுதல் கல்விக் கட்டணம் உள்ளது; கலிஃபோர்னியாவில் அது ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். அமெரிக்க மாணவர் ஓராண்டு தங்கி அந்த மாநிலத்தவராகிவிட முடியும், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஆக முடியாது, ஆகவே அந்தத் தொகையைத் துறையோ பேராசிரியரோ சுமக்க வேண்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு மானியங்கள் நிச்சயமற்றுப் போனபோது, பல துறைகள் சேர்க்கையைக் குறைத்தன. கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. இவற்றில் எதுவும் மறுப்புக் கடிதத்தில் எழுதப்படுவதில்லை.

இந்த மாதங்களில் செய்ய வேண்டியவை சில. பெற்றோரிடம் முன்கூட்டியே, பத்து இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தால் ஒன்பது மறுப்பு வருவது இயல்பு, ஒன்றே ஒன்று வந்தாலும் போதும் என்று விளக்கிவிடுங்கள். ஒவ்வொரு இரவும் 'வந்துச்சா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பாரம் அதனால் பாதியாகக் குறையும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் 'எனக்கு வந்துவிட்டது' என்று பிறர் இடும் செய்திகளைப் பார்த்து உங்களுக்கு வராததற்குப் பொருள் கற்பிக்காதீர்கள். ஒரே துறையிலிருந்து இரண்டு மூன்று தவணைகளில் அட்மிட் அனுப்பப்படுவது வழக்கம். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியை நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் நேர்காணல் அழைப்பு அங்கே கிடந்து காலாவதியான கதை எனக்குத் தெரிந்து இரண்டு உண்டு. ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டு எழுதுவதால் பயன் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தந்த ஆசிரியர் ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்து மனம்விட்டுக் கருத்துச் சொல்லும்படி கேட்பது மேல்.

வெயிட்லிஸ்ட்

காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகக் கடிதம் வந்தால் அதை மறுப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அட்மிட்டாகவும் எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சேர்க்கைப் பொறுப்பாளருக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த ஆய்வுக் குழுவில் சேர விரும்புகிறீர்கள், விண்ணப்பித்த பிறகு உங்களிடம் புதிதாக என்ன இருக்கிறது, அதாவது ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையோ முடிந்த பருவத்தின் மதிப்பெண்ணோ. அந்த இடம்தான் உங்கள் முதல் விருப்பம் என்பது உண்மையானால் மட்டும் அதையும் எழுதுங்கள். பட்டியல் நகர்வது பெரும்பாலும் ஏப்ரல் முதல் இரு வாரங்களில்தான். அது நகர்வதற்குக் காரணமே, கையில் பல இடங்களை வைத்திருப்பவர்கள் வேண்டாதவற்றை விடுவதுதான். ஆகவே உங்களிடம் மூன்று அட்மிட் இருந்து ஒன்றில் நிச்சயம் சேரப்போவதில்லை என்று தெரிந்தால், அன்றே அதை விட்டுவிடுங்கள்; கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் அந்த இடத்துக்காக இரவில் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடிதத்தைப் படிக்கும் முறை

அட்மிட் வந்த மகிழ்ச்சியில் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவோம். நிதி உதவியைச் சொல்லும் பத்தியையும், அது தனிக் கடிதமாக வந்தால் அந்தக் கடிதத்தையும், மறுநாள் காலையில் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். ஸ்டைபண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? ஆண்டுக்கு 9 மாதங்களுக்கா, 12 மாதங்களுக்கா? கோடை மாதங்களுக்கு யார் பணம் தருவார்கள்? கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் மாணவர் கட்டணங்களும் அதில் அடங்குமா? மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு? டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை செய்ய வேண்டுமானால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பருவங்கள்? வெளிநாட்டு மாணவர் டி.ஏ. ஆவதற்கு முன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு; அதில் தேறாவிட்டால் முதல் பருவத்தில் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் கேளுங்கள். கடிதத்தில் விடை இல்லாத கேள்விகளை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் துறை அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். இப்படிக் கேட்பதை அங்கே எவரும் தவறாக எண்ணுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் பல்கலைக்கழகம் 9 மாதங்களுக்கு 30,000 டாலர் தருகிறது, கோடைக்கு எதுவும் இல்லை, கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து உங்கள் கையிலிருந்து 4,500 டாலர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 25,500, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 2,125. இரண்டாவது இடம் 12 மாதங்களுக்கு 33,000 தந்து மற்றவற்றைத் தானே ஏற்கிறது, மாதம் 2,750. கடிதத்தில் மூவாயிரமாகத் தெரிந்த வித்தியாசம், வாழும்போது ஆண்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறாகிறது. இதில் நம் வீடுகளில் செய்யும் பெரிய பிழை, டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பது. மாதம் இரண்டு லட்சமா என்று சித்தப்பா வியக்கும் தொகையில், பாஸ்டனிலோ சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியிலோ ஓர் அறை வாடகைக்கே பாதிக்கு மேல் போய்விடக்கூடும். அந்தத் தொகையை அந்த ஊர் வாடகையோடுதான் ஒப்பிட வேண்டும். எம்.ஐ.டி. நடத்தும் வாழ்வாதார ஊதியக் கணிப்பான், அமெரிக்காவின் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் போன்ற பகுதி) தனியாள் வாழ என்ன செலவாகும் என்பதைக் காட்டுகிறது. இரண்டு ஊர்களையும் அதில் இட்டுப் பாருங்கள். எஃப்-1 விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம் என்பதால், குறைவதைப் பகுதிநேர வேலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம்; ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) அல்லது டி.ஏ. பணியே அந்த 20 மணி நேரத்தை நிரப்பிவிடும்.

நிதி உதவி இல்லாத பிஎச்.டி. அட்மிட்டை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'முதல் ஆண்டு சொந்தச் செலவில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்மொழி வாக்குறுதியை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் குடும்பங்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

நெறியாளரை விசாரித்தல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் துறையின் சேர்க்கை முறையை அறியுங்கள். உயிரியல் துறைகள் பலவற்றில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுழற்சி முறையில் வேலை செய்து பார்த்து அதன்பின் நெறியாளரைத் தேர்வீர்கள். பொறியியல் துறைகள் பலவற்றில் முதல் நாளிலிருந்தே ஒரு பேராசிரியரின் மானியத்தில் கட்டுண்டிருப்பீர்கள். இரண்டாவது வகையில் அந்த ஒருவரைப் பற்றி விசாரிக்காமல் சேருவது, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எதுவும் கேட்காமல் பெண் கொடுப்பதற்கு ஒப்பானது.

உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவரிடம் உங்களுக்கென நேரம் அதிகம் கிடைக்கும், ஆய்வகத்தை அவரோடு சேர்ந்து கட்டி எழுப்புவீர்கள்; ஆனால் ஐந்தாறு ஆண்டுகளில் அவருடைய நிரந்தரப் பணி பற்றிய முடிவு வரும், அது கிடைக்காவிட்டால் அவர் வேறிடம் போக நேரும், அதன் அழுத்தம் உங்கள் மேலும் விழும். மூத்த பேராசிரியரின் பெயருக்கு மதிப்பு உண்டு, பணமும் நிலையாக இருக்கும். அன்றாடம் உங்களுக்கு வழிகாட்டுவது மட்டும் அங்குள்ள முதுமுனைவர் ஆய்வாளர் ஒருவராக இருக்கலாம். இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தத் துறையானாலும், நீங்கள் மனமுவந்து வேலை செய்யக்கூடியவர்கள் அங்கே குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலோ, அவரோடு ஒத்துப்போகாவிட்டாலோ மாறிக்கொள்ள இடம் வேண்டும்.

பேராசிரியரிடம் பேசும்போது, உங்கள் மாணவர்கள் பட்டம் பெற எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என் நிதி எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது என்று நேரடியாகக் கேட்கலாம். 'சார்' என்று அழைத்துப் பழகிய நமக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே அப்படி இல்லை. அட்மிட் தந்த பிறகு அவர்களுக்கும் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது.

அதைவிட முக்கியம் இப்போதைய மாணவர்களிடம் பேசுவது. குறைந்தது மூன்று பேரிடம், அவர்களில் ஒருவராவது நான்காம் ஆண்டைத் தாண்டியவராக இருக்கும்படி பேசுங்கள். மின்னஞ்சலில் கேட்காதீர்கள்; எழுத்தில் எவரும் குறை சொல்லமாட்டார்கள். அழைத்துப் பேச வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நெறியாளரைச் சந்திக்கிறீர்கள், ஊருக்குப் போக விடுப்பு கேட்டால் என்ன சொல்வார், ஆய்வு சரியாக வராத மாதத்தில் எப்படி நடந்துகொள்வார், இந்தக் குழுவை விட்டு இடையில் போனவர்கள் உண்டா, ஏன் போனார்கள் என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். இடையில் போனவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

என் கையில் இரண்டு இடங்கள் இருந்தன. பெயர் பெற்றதாக இருந்த பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஐந்தாம் ஆண்டில் இருந்த மாணவி ஒருவரிடம் ஜூமில் பேசினேன். கருவிகள், கட்டுரைகள், மாநாடுகள் என்று எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னார். கடைசியாக, 'திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் இதே ஆய்வகத்தில் சேருவீர்களா?' என்று கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணும் அளவுக்கு அமைதி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, 'ஆய்வு நன்றாகவே நடக்கிறது' என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. மற்ற இடத்தில் அதே கேள்விக்கு மூவருமே, குறைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, 'சேருவேன்' என்றார்கள். நான் அங்கே சேர்ந்தேன்.

பிப்ரவரி, மார்ச்சில் அட்மிட் பெற்றவர்களைத் துறைகள் நேரில் வரவழைத்துக் காட்டும் நாட்கள் உண்டு. இந்தியாவிலிருந்து போவது பெரும்பாலோருக்கு முடியாது. இணையவழி நிகழ்ச்சி இருந்தால் அதில் கலந்துகொள்ளுங்கள். இல்லையெனில் சந்திப்புகளைத் தனித்தனியாக ஏற்பாடு செய்துதரும்படி துறை அலுவலகத்தைக் கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

ஏப்ரல் 15

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் வகுத்துள்ள தீர்மானம் ஒன்று உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதி உதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் தரும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டவற்றின் பட்டியலை அந்த மன்றம் வெளியிடுகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரேனும் ஒரு பேராசிரியர், 'இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்' என்று நெருக்கினால், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, ஏப்ரல் 15 தீர்மானத்தின்படி மற்ற முடிவுகளையும் பார்த்துவிட்டுச் சொல்ல அவகாசம் வேண்டுகிறேன் என்று பணிவாக எழுதலாம். முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டு மனம் மாறினால், ஏப்ரல் 15வரை எழுத்துமூலம் விலகிக்கொள்ளவும் அந்தத் தீர்மானம் இடம் தருகிறது. பிற நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் இதே முறைதான் என்று கருதிவிடாதீர்கள். அங்கே கடிதத்தில் உள்ள தேதியே தேதி.

கெடு, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் வருகிறது. கிழக்குக் கரையில் 15ஆம் தேதி இரவு 11.59 என்றால் நமக்கு 16ஆம் தேதி காலை 9.29. அந்த நேரம்வரை இழுக்க வேண்டாம், இணையதளம் நெரியும். இரண்டு இடங்களுக்கும் நடுவில் தவிக்கிறீர்கள் என்றால், ஒரு நாள் முழுவதும் முதல் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டதாகவே மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடிப் பாருங்கள், மறுநாள் இரண்டாவதை. எதை விட்ட நாளில் நெஞ்சு கனத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

எங்குமே கிடைக்காவிட்டால்

இது நேர்வது உண்டு, நல்ல மாணவர்களுக்கும் நேர்கிறது. ஓராண்டை வீணாக்காமல் கழிக்க இங்கேயே வழிகள் உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.கள், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டப் பணிகளுக்கு ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே ஓராண்டு வேலை செய்து பெறும் பரிந்துரைக் கடிதம் அடுத்த விண்ணப்பத்தின் எடையையே மாற்றும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு நல்கை பெற்றால் 2023ஆம் ஆண்டிலிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கிறது. கேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிஎச்.டி. இடங்கள் வேலை விளம்பரம்போல ஆண்டு முழுவதும் வெளியாகின்றன. அமெரிக்காவுக்கே மீண்டும் விண்ணப்பிப்பதானால், அதே கட்டுரையைத் தூசி தட்டி அனுப்ப வேண்டாம்.

ஏற்றுக்கொண்ட அன்று

இணையதளத்தில் ஏற்பைப் பதிந்ததும் மற்ற இடங்களுக்கு இரண்டு வரி நன்றியோடு மறுப்பு எழுதுங்கள். அந்தத் துறையின் பேராசிரியர்களை நாளை மாநாடுகளில் சந்திப்பீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர்களுக்கு அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். கல்லூரி முடித்து உடனே போகிறவர்கள், முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலுக்கும் தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழும் நம்மில் பலருக்கு அதில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயரின் இடத்தில், பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து வந்து நிற்கும். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று அது உங்களைத் தொடர்ந்து வரும். முதலெழுத்தை விரித்துப் பாஸ்போர்ட்டில் சேர்க்க எண்ணினால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கேட்பதற்கு முன்பே அதை முடிக்க வேண்டும். ஐ-20 கைக்கு வந்ததும் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரைக் கட்டி, விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவத்தை நிரப்பி, நேர்காணல் தேதியை அன்றே தேடத் தொடங்குங்கள். 2025 மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகள் சில வாரங்களுக்கு நிறுத்தப்பட்டன. அதற்கு முன்பே தேதி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு நேர்காணலைத் தொடர்ந்து நடத்த அனுமதி இருந்தது.